‘மூன்ஸ்டோன்’ நாவலில் வைரம் கோயிலுக்கே திரும்பிவிடுகிறதே, பிறகு எப்படி அது காலனியப் பார்வை?

சுவடி

வில்கி காலின்ஸின் ‘மூன்ஸ்டோன்’ (1868) பற்றி வாசகர் வட்டத்தில் அரைமணி நேரம் பேச வேண்டும். தலைப்பு, அந்த நாவலில் காலனியப் பார்வையும் ஓரியண்டலிசமும் (கிழக்கைப் பற்றி மேற்கு தன் பார்வையில் கட்டும் சித்திரம்). முடிச்சை அவிழ்க்காமல் இதைப் பேச முடியாது. நாவலை இனிமேல்தான் படிக்கப்போகிறீர்கள் என்றால் இந்த இழையை ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

எனக்கு இடறுவது இந்த இடம்தான். 1799 மே 4-ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது ஹெர்ன்காஸ்டில் என்ற ஆங்கில அதிகாரி திப்புவின் ஆயுதசாலையில் புகுந்து, கொலை செய்து, ஒரு மஞ்சள் வைரத்தை எடுத்துப்போகிறான். அது சோமநாதத்து நிலவுக் கடவுளின் நெற்றியில் இருந்த கல் என்கிறது நாவல். 1848 ஜூன் 21 அன்று அவன் மருமகள் ரேச்சலுக்குப் பிறந்தநாள் பரிசாக வந்து சேர்கிறது. அன்றிரவே காணாமல் போகிறது. செப்பிடுவித்தைக்காரர்களாக வேடமிட்டு வீட்டைச் சுற்றும் மூன்று பிராமணர்கள்மேல் சந்தேகம் விழுகிறது. ஆனால் அவர்கள் திருடவில்லை. லாடனம் என்ற அபினிக் கரைசல் தனக்குப் புகட்டப்பட்டது தெரியாமல், அதன் மயக்கத்திலேயே ரேச்சலின் உறவினர் ஃப்ராங்க்ளின் பிளேக் கல்லை எடுக்கிறார். அதை அமுக்கிக்கொள்பவர் ஊரெல்லாம் தர்மவான் என்று கொண்டாடும் காட்ஃப்ரே ஏபிள்வைட். கடைசியில் பிராமணர்கள் அவரைக் கொன்று கல்லை மீட்டு, 1850-இல் குஜராத்தின் கத்தியவாரில் சுவாமியின் நெற்றியில் மறுபடி பதித்துவிடுகிறார்கள்.

கொள்ளையன் ஆங்கிலேயன், திருடன் ஆங்கிலேயன், பொருள் உரியவர்களிடம் போய்ச் சேருகிறது. இது காலனியத்தைக் கண்டிக்கிற நாவல் இல்லையா? ஓரியண்டலிசம் என்ற குற்றச்சாட்டு இதன்மேல் எப்படி நிற்கும்? கூட்டத்தில் வாசித்துக் காட்டத் தகுந்த பகுதிகள் எவை?

கல்வெட்டு

இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. முதலில் அவற்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். கொள்ளையடித்தது யார், நியாயம் யார் பக்கம் என்பது ஒன்று. அந்த மூன்று பேரைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் யார் வாய்வழியாகத் தெரிகிறது என்பது மற்றது. முதல் கேள்வியில் காலின்ஸ் தன் காலத்தவர் பலரைவிட வெகுதூரம் முன்னே போய்விட்டார். இரண்டாவது கேள்வியில் தன் காலத்துக்குள்ளேயே இருக்கிறார். எட்வர்ட் சயீத் 1978-இல் ‘ஓரியண்டலிசம்’ நூலில் எழுதியதை ‘கிழக்கை வெறுப்பது’ என்று சுருக்கிக்கொண்டால் இந்த நாவல் தப்பிவிடும். கிழக்கை அறியும் உரிமையும் விளக்கும் உரிமையும் ஒரே பக்கம் குவிந்துகிடப்பது பற்றித்தான் அவர் பேசினார். அந்தக் குவிப்பைப் பரிவோடும் செய்யலாம், வியப்போடும் செய்யலாம்.

இந்த நாவலில் அது கண்ணுக்கு நேராகத் தெரியும், ஏனென்றால் நாவலே சாட்சியங்களின் கோவை. ஒவ்வொருவரும் தான் நேரில் கண்டதை மட்டும் எழுத வேண்டும் என்பது ஃப்ராங்க்ளின் போடும் விதி. ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள்: முன்னுரையில் ஹெர்ன்காஸ்டிலின் ஒன்றுவிட்ட சகோதரர், பிறகு வீட்டுக் காரியஸ்தர் பெட்டரெட்ஜ், மிஸ் கிளாக், வக்கீல் ப்ரஃப், ஃப்ராங்க்ளின் பிளேக், டாக்டரின் உதவியாளர் எஸ்ரா ஜென்னிங்ஸ், துப்பறியும் சார்ஜென்ட் கஃப், டாக்டர் கேண்டி, முடிவுரையில் கஃப்பின் ஆள், ஒரு கப்பல் கேப்டன், இந்தியா முழுக்கச் சுற்றிய மர்த்வெயிட். மொத்தம் 11 பேர். வேலைக்காரருக்கு இடம் உண்டு, மதப் பிரசுரங்களை வீடுவீடாகத் திணிக்கிற மிஸ் கிளாக்குக்கு இடம் உண்டு, அந்த மூவரையும் கப்பலிலிருந்து தப்பவிட்ட கேப்டனுக்குக்கூட ஒரு பக்கம் உண்டு. ஐம்பது ஆண்டு தலைமுறை தலைமுறையாகக் கல்லைத் தொடர்ந்து வந்தவர்கள் தரப்பிலிருந்து ஒரு வரி சாட்சியம்கூடக் கிடையாது. அவர்களுக்குப் பெயரும் கிடையாது. நாவலில் ‘அந்த இந்தியர்கள்’, அவ்வளவுதான்.

வாசித்துக் காட்ட நான் எடுக்கும் முதல் பகுதி, மர்த்வெயிட் அவர்களை விளக்கும் இடம். பிறந்தநாள் விருந்தன்று அவர்களிடம் அவர்கள் மொழியிலேயே பேசிவிட்டு வந்து, இவர்கள் வித்தைக்காரர்கள் அல்ல, பிராமணர்கள் என்கிறார். கடல் தாண்டியதில் ஒருமுறை, வித்தைக்கார வேடம் போட்டதில் இன்னொருமுறை என்று சாதியை இருமுறை இழந்திருக்கிறார்கள் என்கிறார். இதுவரை கூர்மையான கவனிப்பு. அடுத்து, பூனையின் பொறுமையோடு காத்திருப்பார்கள், புலியின் மூர்க்கத்தோடு பாய்வார்கள் என்கிறார். ஒரே மூச்சில் மனிதர்கள் விலங்குகளாகிவிடுகிறார்கள். சொல்பவர் எதிரியும் அல்ல, அவர்கள்மேல் மதிப்பு வைத்திருப்பவர். அதனால்தான் இந்தப் பகுதி முக்கியம்.

இரண்டாவது பகுதி கடைசிக் காட்சி. நிலவொளியில் வெள்ளுடை அணிந்த பெருங்கூட்டம், நாற்கரங்களோடு உயர்ந்து நிற்கும் சிலை, நெற்றியில் மஞ்சள் ஒளி. மூன்று பிராமணர்களும் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டு மூன்று திசையில் பிரிந்து போகிறார்கள். தவத்துக்குச் சமமான அந்தப் பிரிவில் அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது நமக்கு வருவதில்லை. கூட்டத்துக்குள் வேடமிட்டு நிற்கும் ஆங்கிலேயர் கண்டது மட்டுமே வருகிறது. அவர் என்ன வேடம் போட்டிருக்கிறார் தெரியுமா? தொலைதூரத்திலிருந்து வந்த ‘இந்து-பௌத்தன்’. குஜராத்தில் பௌத்தம் மறைந்து பல நூற்றாண்டுகள் ஆன பிறகு அங்கே யாரும் தன்னை அப்படிச் சொல்லிக்கொண்டு நடமாடியிருக்க முடியாது. கூட்டத்தில் ஒருவருக்கும் சந்தேகம் வருவதில்லை. ஆங்கிலேயர் வேடம் போட்டால் கிழக்கு ஏமாறும். வித்தைக்காரர் வேடத்தில் பிராமணர்கள் வந்தால் மர்த்வெயிட் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தாலே போதும், கூட்டத்துக்குப் புரிந்துவிடும்.

நெய்தல்

கல்வெட்டு சொன்னதில் பாதியை ஏற்கிறேன். ஆனால் மௌனத்தை எண்ணிக்கை வைத்து அளந்தால் ஒரு தடை வரும். அதற்கு இப்போதே பதில் தயார் செய்துகொள்ளுங்கள். கல்லின் சொந்தக்காரி ரேச்சல். திருட்டைக் கண்ணால் பார்த்தவளும் அவள்தான். அவளுக்கும் சாட்சியம் எழுத இடமில்லை. அப்படியென்றால் மௌனம் இனத்தால் மட்டும் வருவது அல்ல, துப்பறியும் கதைக்கு அது ஒரு கருவியும்கூட. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. ரேச்சலின் மௌனம் உடைகிறது; ஃப்ராங்க்ளினை நேருக்கு நேர் நிறுத்தி, கொட்ட வேண்டியதையெல்லாம் கொட்டிவிடுகிறாள். தற்கொலை செய்துகொள்ளும் பணிப்பெண் ரோசன்னாவும் நீண்ட கடிதம் விட்டுப்போகிறாள். பிராமணர்களின் மௌனம் கடைசிவரை உடைவதே இல்லை. இப்படிச் சொன்னால் வாதம் நிற்கும்; ‘11-இல் ஒருவரும் இல்லை’ என்பதோடு நிறுத்தினால் சாய்ந்துவிடும்.

அடுத்து, கதைசொல்லி சொல்வதை எல்லாம் காலின்ஸ் சொல்வதாக எடுத்துக்கொள்வது. இந்த நாவலைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் கெட்டுப்போவது இதில்தான். அமைதியான ஆங்கில வீட்டுக்குள் ஒரு சாத்தான் பிடித்த இந்திய வைரம் படையெடுத்து வந்துவிட்டது என்று புலம்புவது பெட்டரெட்ஜ். எந்தக் குழப்பம் வந்தாலும் ‘ராபின்சன் குரூசோ’வைப் புரட்டி அதில் அருள்வாக்குத் தேடும் மனிதர் அவர். காலனியக் கதைகளுக்கெல்லாம் மூத்த கதையை வேதமாக வைத்திருப்பவர் வாயில் ‘படையெடுப்பு’ என்ற சொல்லைக் காலின்ஸ் வைக்கிறார். முன்னுரையில் உண்மையான படையெடுப்பைப் பார்த்துவிட்டு வரும் வாசகருக்கு அந்தச் சொல் தலைகீழாகக் கேட்கிறது. அது ஆசிரியரின் ஏற்பாடு.

அந்த ஏற்பாட்டை அம்பலப்படுத்தும் ஒரு சிறிய இடம் உண்டு, பலர் தாண்டிப்போய்விடுகிறார்கள். கல் காணாமல் போன இரவில் மூன்று பேரும் ஊரில் இருந்ததற்குச் சாட்சி இருக்கிறது, குற்றமற்றவர்கள் என்று நிரூபணமாகிறது. ஆனாலும் நாடோடிகள், போக்கிரிகள் என்று ஒரு வாரம் உள்ளே தள்ளுகிறார் மாஜிஸ்திரேட். சரியான பக்கம் பிடித்து இழுத்தால் நீதி உட்பட எல்லா அமைப்பும் கொஞ்சம் நீளும் என்று பெட்டரெட்ஜ் அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார். 1868-இல் இதை அச்சில் வைத்தது சின்ன விஷயம் இல்லை.

வக்கீல் ப்ரஃப்பின் அலுவலகக் காட்சியையும் விடாதீர்கள். மூவரில் தலைவர் ஒருநாள் அங்கே வருகிறார், நல்ல ஆங்கிலத்தில் பேசுகிறார். அடகு வைத்துக் கடன் வாங்கினால் வழக்கமாக எவ்வளவு காலத்தில் திருப்பலாம் என்று ஒரே ஒரு கேள்வி கேட்கிறார். ஓராண்டு என்ற பதில் கிடைத்ததும் வணங்கிவிட்டுப் போய்விடுகிறார். அந்தப் பதிலை வைத்துத்தான் எந்த மாதத்தில் லண்டன் வங்கி வாசலில் காத்திருக்க வேண்டும் என்று கணக்குப் போடுகிறார்கள். என் உயிரை மதித்திருப்பாரோ என்னவோ, என் நாட்டு மக்கள் ஒருவரும் செய்யாததைச் செய்தார், என் நேரத்தை மதித்தார் என்று ப்ரஃப் எழுதுகிறார். மந்திரம், மை, வசியம் எதுவும் இந்தக் காட்சியில் இல்லை. சட்டத்தைக் கேட்டுத் தெரிந்து பயன்படுத்தும் மூளை மட்டும்தான் இருக்கிறது.

கடைசியாகக் காட்ஃப்ரேயின் பிணம். தேம்ஸ் கரையோரச் சத்திர அறையில் கறுத்த முகம், தாடி, மாலுமி உடை. கஃப் நெற்றியோரத்தில் வெளுத்த ஒரு கோட்டைக் கவனிக்கிறார். கூஸ்பெரி என்ற சிறுவன் நாற்காலிமேல் ஏறிப் பார்த்துக் கத்துகிறான்: பொய்முடியைக் கழற்றிவிட்டார், இப்போது முகநிறத்தைக் கழுவுகிறார்! கறுப்புக்குக் கீழே இருந்து வெள்ளைக்கார தர்மவான் வெளியே வருகிறார். குற்றத்துக்கு எந்த நிறம் என்று நாவல் முழுக்க வளர்த்த சந்தேகத்தை ஒரு கிண்ணம் தண்ணீரில் காலின்ஸ் கழுவிவிடும் இடம் அது. இதைச் சொல்லாமல் ‘ஓரியண்டலிச நாவல்’ என்று முத்திரை குத்தினால் அநியாயம்.

முத்திரை

வரலாற்றுப் பக்கம் மூன்று விஷயம் சேர்க்கிறேன்.

முதலில் ஸ்ரீரங்கப்பட்டணம். கொள்ளையடிப்பவனைத் தூக்கிலிடுவேன் என்று ஜெனரல் பேர்ட் தமுக்கடித்து அறிவிப்பதாக நாவலில் வருகிறது. அப்படியானால் ஹெர்ன்காஸ்டில் விதியை மீறிய தனி ஆள் ஆகிவிடுகிறான். அவன் தாய்நாட்டிலும் அவனை ஒதுக்கிவைக்கிறார்கள். நடந்தது வேறு. மே 4 இரவு முழுக்கப் பட்டணம் சூறையாடப்பட்டது. மறுநாள் பொறுப்பேற்ற ஆர்தர் வெல்லெஸ்லி தூக்கும் சவுக்கும் கொண்டுதான் அதை அடக்கினார். ஆனால் அடக்கப்பட்டது சிப்பாய்களின் சில்லறைக் கொள்ளை. அரண்மனைச் செல்வம் முறைப்படி மதிப்பிடப்பட்டு, பதவி வாரியாகப் பங்கு பிரிக்கப்பட்டது. திப்புவின் சிம்மாசனத்தை உடைத்துக் கூறுபோட்டதும் அந்தப் பங்கு அதிகாரிகள்தான். அதன் புலித்தலை இங்கிலாந்து அரச குடும்பத்திடம் போனது. வெள்ளைக்காரனைக் கடிக்கும் மரப்புலி லண்டனில் கம்பெனித் தலைமையகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டு, இப்போது விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கொள்ளை சட்டபூர்வமாக நடந்த இடத்தில் நாவல் ஒரே ஒரு கெட்ட மனிதனை நிறுத்துகிறது. காலனியத்தை அது கண்டிக்கும் விதத்திலேயே இந்த எல்லையும் இருக்கிறது. ஆனால் நாவலின் மூலக்குற்றம் 1799-இல் நடந்தது என்ற வாசிப்பை விமரிசகர் ஜான் ரீட் 1973-லேயே எழுதிவிட்டார். புதிய கண்டுபிடிப்பாகச் சொல்லாதீர்கள்.

அடுத்தது சோமநாதம். நம் வாசகர்களுக்கு இதைச் சொன்னால் உடனே பிடிபடும். சோமநாதன் என்றால் சோமனுக்கு நாதன். தட்சனின் சாபத்தால் தேய்ந்த சந்திரன் சிவனை வழிபட்டு வளர்ந்த தலம். அங்கே மூலவர் லிங்கம். நெற்றியில் கல் பதித்த நாற்கரச் சிலைக்கு இடமே இல்லை. காலின்ஸ் பக்தனைக் கடவுளாக்கிவிட்டார். மான்மேல் அமர்ந்த சந்திரனைக் கருவறையில் வைத்து, கல்லைக் காக்கச் சொல்லி மூன்று பிராமணர்களின் கனவில் கட்டளையிட விஷ்ணுவை அனுப்பிவிட்டார். மான் வாகனம் சந்திரனுக்கு உள்ளதுதான். புத்தகங்களைப் புரட்டித்தான் எழுதியிருக்கிறார். உதிரி உதிரியாகச் சரியான தகவல்கள், சேர்த்துப் பார்த்தால் எந்த ஊரிலும் இல்லாத ஒரு கோயில். நேரில் காணாமல் நூலிலிருந்து நூலுக்குக் கைமாறும் அறிவு இப்படித்தான் இருக்கும். ‘தப்புப் பிடித்துவிட்டேன்’ என்பதற்காக இதைச் சொல்ல வேண்டாம், இந்தக் கைமாற்றத்தைக் காட்டுவதற்காகச் சொல்லுங்கள்.

சோமநாதமே ஏன் வந்தது என்பதற்கும் ஒரு பின்னணி உண்டு. 1842-இல் கவர்னர் ஜெனரல் எல்லன்பரோ, கஜினியில் மஹ்மூதின் கல்லறையிலிருந்து மரக்கதவுகளைப் பெயர்த்து வரச்செய்து, இவை சோமநாதத்திலிருந்து போனவை, 800 ஆண்டு அவமானத்துக்குப் பழி தீர்ந்தது என்று பிரகடனம் விட்டார். 1843-இல் பார்லிமெண்டில் மெக்காலே அதைக் கிழித்தெடுத்தார். கதவுகளோ தேவதாரு மரம், வேலைப்பாடும் குஜராத்தினது அல்ல. ஆக்ரா கோட்டையிலேயே தங்கிவிட்டன. ‘முஸ்லிம் கொள்ளையடித்தான், இந்து காத்திருந்தான், ஆங்கிலேயன் மீட்டான்’ என்ற கதையை அரசாங்கமே எழுதிய காலம் அது. நாவலின் முன்னுரை மஹ்மூத், ஔரங்கசீப், திப்பு என்று அதே வரிசையில்தான் நடக்கிறது. ஆனால் வரிசையின் கடைசியில் மீட்பனாக வர வேண்டிய ஆங்கிலேயனைக் கொள்ளையனாக நிறுத்துகிறார் காலின்ஸ். இரவல் வாங்கிய சட்டகம், முடிவு மட்டும் அவருடையது.

சுவடி

மிகவும் பயன்பட்டது. மூன்று சிறு கேள்விகள். அபினியை ‘இந்தியா பழிவாங்கியது’ என்று சொல்லலாமா? கோஹினூரோடு எவ்வளவு தூரம் இணைக்கலாம்? தமிழில் பேசும்போது எந்தச் சொற்களில் கவனம் வேண்டும்?

கல்வெட்டு

அபினியில் வழுக்காதீர்கள். வங்காளத்து அபினி பெரும்பாலும் சீனாவுக்குப் போனது. இங்கிலாந்து மருந்துக் கடைகளின் லாடனத்துக்குப் பெரும்பாலும் துருக்கி அபினி. ஃப்ராங்க்ளின் குடித்ததில் பாட்னா அபினி இருந்தது என்று நாவலும் சொல்லவில்லை. கேண்டி ரகசியமாகக் கொடுத்தது 25 மினிம் (மருந்தை அளக்கும் மிகச் சிறிய திரவ அளவு), ஓராண்டு கழித்து அதே இரவை மறுபடி நடத்திப் பார்க்க ஜென்னிங்ஸ் கொடுத்தது 40 மினிம் என்று அளவு வரை சொல்லும் நாவல், அபினி எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்வதே இல்லை. அது சொல்லப்படவில்லை என்பதை வைத்துப் பேசலாம், இல்லாததை நிரப்ப வேண்டாம்.

கோஹினூரை இணைக்கத் தயங்க வேண்டாம், ஏனென்றால் காலின்ஸே 1868-இல் நூலுக்குத் தன் பெயரில் எழுதிய முகவுரையில் (கதைக்குள் வரும் முன்னுரை வேறு) பெயர் சொல்கிறார். 1849 மார்ச்சில் லாகூர் ஒப்பந்தம். பஞ்சாபின் பத்து வயது மன்னர் துலீப் சிங் கையொப்பமிட்டு வைரத்தை இழக்கிறார். 1850 ஜூலை 3-ஆம் தேதி அது விக்டோரியாவிடம் கொடுக்கப்படுகிறது. நாவலில் மூன்ஸ்டோன் இங்கிலாந்தை விட்டு வெளியேறுவது 1849-இல், கோயில் சேர்வது 1850-இல். உண்மையில் ஒரு வைரம் மேற்கே வந்த அதே காலத்தில் கதையில் ஒரு வைரம் கிழக்கே போகிறது. இந்த இரண்டு தேதிகளையும் பலகையில் எழுதிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். முதல் ஐந்து நிமிடம் அதற்கே கொடுக்கலாம். கதைச் சுருக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குமேல் தராதீர்கள். அந்த முகவுரையில் வரும் இன்னொரு கல் ரஷ்யச் செங்கோலில் உள்ளது. அது நம் ஸ்ரீரங்கத்துப் பெருமாளின் கண்ணிலிருந்து ஒரு பிரெஞ்சுச் சிப்பாய் திருடியது என்று வழங்கும் கதையைக் கூட்டத்தில் யாராவது கேட்பார்கள். அது செவிவழிக் கதை என்று சொல்லிவிட்டு நகருங்கள்.

டிக்கன்ஸைக் கட்டாயம் கொண்டுவாருங்கள். நாவல் தொடராக வந்தது அவருடைய ‘ஆல் தி இயர் ரவுண்ட்’ வார இதழில், 1868 ஜனவரி 4 முதல் ஆகஸ்ட் 8 வரை. 1857 எழுச்சியின்போது, தான் இந்தியாவில் தளபதியாக இருந்தால் அந்த இனத்தையே அழிக்க முயல்வேன் என்று அக்டோபர் மாதம் கடிதம் எழுதியவர் அவர். அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் இதழுக்கு அவரும் காலின்ஸும் சேர்ந்து எழுதிய கதையில் அந்த ஆத்திரத்தின் சூடு இருக்கிறது. ஆனால் 1858 பிப்ரவரியில் ‘சிப்பாய்களுக்கு ஒரு பிரசங்கம்’ என்று காலின்ஸ் தனியாக எழுதியதில், அவர்களுக்கு நல்வழி சொல்லக் கிழக்கத்திய நீதிக்கதையே போதும் என்கிறார். அதே தொனியின் தொடர்ச்சியாக நாவலை வாசிக்க முடியும்.

நெய்தல்

சொற்களைப் பற்றி நான் சொல்கிறேன். ‘ஓரியண்டலிசம்’ என்பதைக் ‘கீழைத்தேயவியல்’ என்று மட்டும் சொன்னால், 1784-இல் கல்கத்தாவில் ஆசியாட்டிக் சொசைட்டி தொடங்கிய வில்லியம் ஜோன்ஸ் வழிவந்த கல்வித்துறை என்று கேட்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். சயீத்துக்குப் பிந்தைய பொருளுக்குக் ‘கீழைத்தேயவாதம்’ பரவாயில்லை. அல்லது ஓரியண்டலிசம் என்றே சொல்லிவிடுங்கள்.

நாவலின் பெயரைச் ‘சந்திரகாந்தக் கல்’ என்று சொல்லத் தோன்றும். அது வேறு கல், நிலவில் நீர் கசியும் என்று நம் இலக்கியம் சொல்வது. இங்கே இருப்பது வைரம். வளர்பிறை தேய்பிறைக்கு ஏற்ப ஒளி கூடிக் குறையும் என்ற நம்பிக்கையால் வந்த பெயர். ‘நிலவுக்கல்’ என்றால் குழப்பம் இல்லை.

வாசித்துக் காட்டும் பகுதிகளில் ‘இந்தியர்கள்’ என்று வரும் இடத்தில் உங்கள் வசதிக்காகப் ‘பிராமணர்கள்’ என்று மாற்றாதீர்கள். பெட்டரெட்ஜுக்கு அவர்கள் வெறும் இந்தியர்கள், மர்த்வெயிட்டுக்குத்தான் பிராமணர்கள். யாருக்கு எவ்வளவு தெரியும் என்பது அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. ‘இந்து-பௌத்தன்’ என்பதையும் திருத்தாமல் அப்படியே வையுங்கள்.

இன்னொன்று எஸ்ரா ஜென்னிங்ஸ். மர்மத்தை அவிழ்ப்பவரே அவர்தான். பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமான தலைமுடி, ஊரார் வெறுப்பு, தன் கல்லறைக்குக் கல்லும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு சாகிறார். தன் பிறப்பைப் பற்றிச் சொல்லும்போது, எங்கள் காலனிகளில் ஒன்றில் பிறந்தேன், அப்பா ஆங்கிலேயர், அம்மாவோ என்று தொடங்கி அங்கேயே நிறுத்திவிடுகிறார். அச்சில் ஒரு நீண்ட கோடுதான் இருக்கிறது. எந்தக் காலனி, அம்மா யார் என்று நாவலில் எங்குமே வருவதில்லை. விமரிசனங்கள் சிலவற்றில் ‘இந்தியத் தாய்’ என்று உறுதியாக எழுதிவிடுகிறார்கள். நீங்கள் வாசிக்கும்போது அந்த இடத்தில் நிறுத்துங்கள், எதையும் சேர்க்காமல் அடுத்த வரிக்குப் போங்கள்.